தலைக்கணக்கும் வயதுக்கணக்கும்

இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்தில் 1871-இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881-இல் எண்ணியபோது 16 லட்சம்தான் தேறியது. அதற்கடுத்த பத்தாண்டில், 1891-இல், எண்ணிக்கை மறுபடியும் 19 லட்சத்து 62 ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு ஆட்கள் மறைந்த ஒரு மாவட்டம் பத்தே ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பியது எப்படி?

மறைந்ததற்கான காரணம் தெரிந்ததே. தாது வருஷப் பஞ்சம். 1876-இல் மழை பொய்த்தது, மறு ஆண்டும் கைவிட்டது. தானிய விலை ஏறிக்கொண்டே போனபோது, நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் படியைக் குறைத்தார். அந்த அளவை உண்டு கல்லுடைத்தால் உடம்பு தாங்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அவர் சொன்னது சரி என்பதை முகாம்களில் விழுந்த பிணங்கள் காட்டின. பட்டினி பாதியைக் கொன்றது என்றால், பட்டினியால் தளர்ந்த உடலில் புகுந்த காலராவும் காய்ச்சலும் மீதியைக் கொன்றன.

திரும்பியதற்கான காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பஞ்சம் எல்லா வயதையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. முதலில் சாவது கைக்குழந்தைகள், ஐந்து வயதுக்குள் இருப்பவர்கள், முதியவர்கள். பட்டினி கிடக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுவிடும். புருஷன் வேலை தேடி வேறு ஊர் போயிருப்பான். கல்யாணங்கள் தள்ளிப்போகும். ஆகவே சாவு உச்சத்தைத் தொட்ட கொஞ்ச காலத்தில் பிறப்பு அடிமட்டத்துக்கு இறங்கும். ஆனால் மழை பெய்து, களத்துக்கு நெல் வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பிழைத்திருப்பவர்களில் பெரும்பகுதி பிள்ளை பெறும் வயதினர். பால்குடிக் குழந்தை இறந்துவிட்டதால் அடுத்த கருவுக்குத் தடையும் இல்லை. சாகக்கூடிய வயதினர் ஏற்கெனவே போய்விட்டார்கள். பிறப்பு வழக்கத்தைவிட அதிகம், இறப்பு வழக்கத்தைவிடக் குறைவு. ஊரைவிட்டுப் போனவர்களில் ஒரு பகுதியினரும் திரும்பி வருகிறார்கள். 1880-களில் சேலத்தில் நடந்தது இதுதான்.

மக்கள்தொகை என்றதும் நாம் தலைகளை எண்ணுகிறோம். 7 கோடி, 140 கோடி என்று ஒற்றை எண்ணாகச் சொல்கிறோம். அந்த எண் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, ஆட்கள் ஏன் நகர்கிறார்கள் என்பதையெல்லாம் அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் என்ற கணக்கு வேண்டும். தமிழ்நாட்டின் கடந்த 150 ஆண்டுகளை இந்த வயதுக்கணக்கை வைத்துப் பார்த்தால், இன்று புதிர்போலத் தெரியும் பல விஷயங்கள் விளங்கும்.

நகர்வதை எடுத்துக்கொள்வோம். பஞ்சத்துக்கு முன்பே திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், தஞ்சைப் பக்கங்களிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூட்டங்கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்ததும் தேயிலை வந்தது. காப்பிக்கு ஆள் பருவத்துக்கு மட்டும் தேவை, தேயிலைக்கு வருஷம் முழுக்கத் தேவை. எனவே போய்த் திரும்பியவர்கள் குடும்பத்தோடு தங்கத் தொடங்கினார்கள். கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார். அந்தக் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறித் தோட்டம் தோட்டமாகக் கூடவே வரும். 1921-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. பர்மாவின் நெல்வயல்களுக்கும் மலாயாவின் ரப்பர் காட்டுக்கும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் போனவர்கள் வேறு. பஞ்சம் பிழைக்கப் போனார்கள் என்று சொல்வது பாதிதான் சரி. பஞ்சத்தின் உச்சத்தில் கடல் தாண்ட உடம்பில் தெம்பும் கையில் காசும் வேண்டும். முன்பணமும் முன்னே போன உறவுக்காரரும் இருந்தவர்களே போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். அந்த வயதினர் மிகுந்திருக்க, அவர்களுக்கு வேலை போதாத இடத்திலிருந்து, வேலை மிகுந்து அந்த வயதினர் போதாத இடத்துக்கு ஆட்கள் நகர்கிறார்கள். இடம்பெயர்வின் அடிப்படை இதுவே.

1885-இல் ராவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் பிரிட்டனின் கணக்கெடுப்பை ஆராய்ந்து, பெரும்பாலானோர் குறைந்த தொலைவே நகர்கிறார்கள் என்றும், அந்தக் குறுந்தொலைவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் நகர்கிறார்கள் என்றும் எழுதினார். இந்தியாவுக்கு இது அப்படியே பொருந்தும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் இடம்பெயர்ந்தோர் 45 கோடிக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சொன்ன காரணம் கல்யாணம். அப்படிச் சொன்னவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். ரயிலில் மூட்டையோடு வரும் ஆணைப் பார்த்து இடம்பெயர்வு என்கிறோம். பக்கத்துத் தாலுகாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்ணை அந்தக் கணக்கில் நாம் சேர்ப்பதே இல்லை.

அவள் எவ்வளவு தூரம் போகிறாள் என்பது சாதாரண விஷயமல்ல. டிம் டைசன், மிக் மூர் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வட இந்தியாவில் பெண்ணை முன்பின் தெரியாத தொலைவூரில் கொடுப்பது வழக்கம். தெற்கே அத்தை மகன், மாமன் மகன், பக்கத்து ஊர் என்று உறவுக்குள்ளும் அருகிலும் கொடுக்கிறார்கள். நெருங்கிய உறவுக்குள் மணப்பதால் பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் வரும் ஆபத்து கூடுகிறது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் தாய்வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் கொஞ்சம் குரல் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறாள். இனிப் பிள்ளை போதும் என்று அவளால் சொல்ல முடிகிறது. தெற்கில் குழந்தைச் சாவும் பிறப்பும் குறைவாக இருந்ததற்கு இது ஒரு காரணம் என்றார்கள்.

மற்ற காரணங்களும் உண்டு. பெரியார் 1930-களிலேயே கர்ப்பத்தடையை மேடைதோறும் பேசினார். நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம் என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களைவிட, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்பதுதான் அவர் வைத்த வாதம். 1951 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். அவர் முனைப்பால் 1950-களின் பிற்பகுதியிலேயே கருத்தடை அறுவை செய்துகொள்பவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கும் வழக்கம் இங்கே தொடங்கிவிட்டது. பிறகு குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' விளம்பரமும் வராத சுவர் இல்லை.

ஆனால் சுவர் விளம்பரம் நாடு முழுக்கத்தான் எழுதப்பட்டது. இங்கே அது பலித்ததற்கு வேறு இரண்டு மாற்றங்கள் கைகொடுத்தன. ஒன்று, பெற்ற பிள்ளை பிழைப்பான் என்ற நம்பிக்கை. 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தன. 2020-இல் அது 13. நாலைப் பெற்றால்தான் இரண்டு தங்கும் என்ற பயம் போனபிறகே இரண்டோடு நிறுத்த ஒரு தாய்க்கு மனம் வரும். இரண்டாவது, பள்ளிக்கூடம். காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தன. ஆடு மேய்த்து வருமானம் தந்த பையன் இப்போது நோட்டு, சீருடை, ஃபீஸ் என்று செலவு வைப்பவனாகிறான். பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு ஓடிய செல்வம் திசைமாறிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஓடத் தொடங்கும்போது குடும்பம் சிறுக்கும் என்று ஜான் கால்டுவெல் என்ற மக்கள்தொகை அறிஞர் சொன்னது இதைத்தான். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களிடமும் பிறப்பு வேகமாகக் குறைந்ததை இங்கே ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். தான் படிக்காவிட்டாலும் மகள் படிக்க வேண்டும் என்ற ஆசைக்கு அவ்வளவு வலிமை.

1970-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 பிள்ளைகள். 1990-களில் அது 2.1-க்குக் கீழே இறங்கியது. தாய், தந்தை இருவரின் இடத்தையும் நிரப்ப 2 போதுமே, மேலே ஏன் அந்த 0.1 என்றால், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகம் பிறப்பதும், சிலர் பெரியவராகும் முன்பே இறப்பதும் காரணம். 2019-21 குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 1.8-ஐ ஒட்டி இருந்தது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுத் திட்டம் 1.4 என்றது.

இந்தச் சாதனையின் சுமை யார் உடம்பில் இறங்கியது என்பதையும் சொல்லவேண்டும். அதே குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பத்துக்கு ஆறு பேர் அளவுக்குக் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ ஆயிரத்துக்கு ஒன்று. பெண்ணுடையதைவிட எளிய, ஆபத்து குறைந்த அறுவை ஆணுடையதுதான். ஆனால் இருபதுகளிலேயே வயிற்றைத் திறந்துகொண்டவர்கள் பெண்கள்தான். பிறக்க வேண்டியது இரண்டுதான் என்றானபோது, அந்த இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்ற வெறி சேலம், தர்மபுரி, உசிலம்பட்டிப் பக்கங்களில் பெண்சிசுக்களைக் கொன்றது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டிவந்தது அதனால்தான். பிறப்பு குறைந்த வரைபடத்தைப் பெருமையாகக் காட்டும் எவரும் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடக்கூடாது.

சரி, 30 ஆண்டுகளாக 2.1-க்குக் கீழே இருக்கும் மாநிலத்தில் மக்கள்தொகை ஏன் குறையவில்லை? 1991-இல் 5.59 கோடி, 2001-இல் 6.24 கோடி, 2011-இல் 7.21 கோடி. இங்கேதான் வயதுக்கணக்கு வேண்டியிருக்கிறது. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1970-ஐ ஒட்டி ஓர் ஊரில் நூறு தாய்மார்கள். ஆளுக்கு நாலு, மொத்தம் 400 பிள்ளைகள். பாதி பெண்கள். சாவு போக வளர்ந்து கல்யாண வயதுக்கு வருபவர்கள் 160 பேர் என்று வையுங்கள். இவர்கள் ஆளுக்கு இரண்டுதான் பெறுகிறார்கள். ஆனாலும் 320 பிள்ளைகள். ஒரு பெண் பெறுவது பாதியாகிவிட்டது, ஊரில் பிறப்பதோ ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. அதே சமயத்தில் ஊரில் சாகும் வயதில் இருப்பவர்கள் யார்? 1920-களில், 30-களில் பிறந்தவர்கள். எண்ணிக்கையில் சிறிய தலைமுறை. பிறப்பு அதிகம், இறப்பு குறைவு, தொகை ஏறத்தான் செய்யும். அடுத்த தலைமுறையில் 150 பெண்கள், ஆளுக்கு ஒன்றரை, 225 பிள்ளைகள். இப்போது முதுமைக்குள் நுழைபவர்களோ அந்தப் பெரிய 400-இல் மிஞ்சியவர்கள். ஏற்றம் நிற்பதும் இறக்கம் தொடங்குவதும் இங்கேதான். 1970-களில் வீடுகளில் எடுத்த முடிவு தலைக்கணக்கில் தெரிய 60 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அரசின் கணிப்பும் இதை ஒட்டியே இருக்கிறது: 2036 வரை தமிழ்நாட்டின் தொகை மெல்ல 7.8 கோடியை நோக்கி நகர்ந்து ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் அப்போது 60 வயதைக் கடந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் சற்று அதிகமாக இருப்பார்கள். 2021-இல் இது 13.7 சதவீதம்தான்.

2001-க்கும் 2011-க்கும் இடையில் இன்னொன்றும் நடந்தது. அந்தப் பத்தாண்டில் வளர்ச்சி 15.6 சதவீதம், முந்தைய பத்தாண்டில் 11.7 மட்டுமே. பிறப்புக்கும் இறப்புக்குமான வித்தியாசம் ஆண்டுக்கு 1 சதவீதத்தை ஒட்டியே இருந்தபோது இவ்வளவு ஏற்றம் பிரசவ வார்டிலிருந்து வந்திருக்க முடியாது. அதில் ஒரு பகுதி ரயிலில் வந்தது.

தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகப் போகிறது. இருபதை ஒட்டிய வயதினர் நிறையப் பேர் அதில் வந்து திருப்பூரில் இறங்குகிறார்கள். ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் கைமடி என்னும் உதவியாளாகச் சேர்கிறான் ஒரு பையன். ஓரிரு வருஷத்தில் டெய்லராகிறான். அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் தம்பியைக் கூட்டிவருகிறான். கங்காணியின் இடத்தில் இப்போது காண்ட்ராக்டரும் கைப்பேசியும். காவிரி டெல்டாவில் மாற்றம் இன்னும் ஆழமானது. நாற்று நடவு அங்கே தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் வேலை. இப்போது மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் குழுவாக வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். விடிவதற்குள் நாற்றைப் பறித்து முடியைக் கட்டி வயலில் இறங்கி, வரிசை கோணாமல் நட்டுவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறார்கள். நடவுப் பெண்கள் எங்கே? இருப்பவர்களுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர்கள் மகள்கள் படித்து, ஒன்றிரண்டு பிள்ளை பெற்று, சேற்றில் இறங்காத வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனது சரி. போகவேண்டும் என்பதற்காகத்தானே அந்தத் தாய்மார்கள் அத்தனை காலம் குனிந்து நட்டார்கள்?

'வடக்கே இருந்து வந்து நம் வேலையைப் பறிக்கிறார்கள்' என்ற பேச்சு வயதுக்கணக்கின் முன் நிற்காது. அவர்கள் செய்யும் வேலைக்குரிய வயதில் இங்கே போதிய ஆட்கள் பிறக்கவில்லை. பிறந்தவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். 2019-21-இல் பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3 பிள்ளைகள். அங்கே இளைஞர்கள் மிகுதி, இங்கே கூலி மிகுதி. ஒரு நூற்றாண்டுக்கு முன் திருச்சிக்கும் கண்டிக்கும் இடையில் இருந்த அதே சாய்வு இது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோய் அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது திருப்பூர் பதறியதற்குக் காரணம் இருந்தது.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலினும் அடுத்தடுத்து, அதிகப் பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேசினார்கள். அதன் பின்னே நியாயமான கவலை இருக்கிறது. 1962-இல் 41 ஆக இருந்த நம் மக்களவைத் தொகுதிகள் மக்கள்தொகை விகிதம் குறைந்ததால் 1967-இல் 39 ஆயின. 1971 கணக்கின்படி உறையவைக்கப்பட்ட பங்கீடு, 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்போடு அவிழலாம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தச் சொன்ன நாடு, கட்டுப்படுத்தியவர்களின் குரலைக் குறைப்பது அநீதி. ஆனால் அந்த அநீதிக்கான தீர்வைப் பெண்ணின் கர்ப்பப்பையில் தேடுவதை என்னால் ஏற்க முடியாது. அது பலிக்கவும் பலிக்காது. நாளையே ஒவ்வொரு வீட்டிலும் கூடுதலாக ஒரு பிள்ளை பிறந்தாலும் அது மெஷினில் உட்கார 20 ஆண்டு ஆகும். அதுவரை சம்பாதிப்பவர்கள்மேல் முதியவர்களோடு சேர்ந்து இன்னொரு சுமை. பிள்ளை பெறப் பணம் கொட்டிய தென்கொரியாவில் 2023-இல் ஒரு பெண்ணுக்கு 0.72 என்ற அளவுக்குப் பிறப்பு இறங்கியது. வேலையும் வீடும் இரண்டும் தன் தலையிலேயே விழும் என்று தெரிந்த பெண், பணத்துக்காக முடிவை மாற்றிக்கொள்வதில்லை.

நமக்கு உண்மையில் இருப்பது ஒரு தலைமுறைக் கால அவகாசம். பீகாரிலும் பிறப்பு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. உத்தரப்பிரதேசம் ஏற்கெனவே 2.4-க்கு வந்துவிட்டது. நாட்டின் சராசரியே 2. வடக்கே வயதேறும் நாளில் தன்பாத் ரயிலில் இத்தனை இளைஞர்கள் வரமாட்டார்கள். அதற்குள் முதியோரைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆட்களும், வேலைக்குப் போகும் தாய்க்குக் குழந்தைக் காப்பகமும், வந்து தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியர்களும் வேண்டும். திருப்பூரின் அரசுப் பள்ளிகளில் ஒடியாவும் இந்தியும் வீட்டில் பேசும் பிள்ளைகள் இப்போதே உட்கார்ந்திருக்கிறார்கள்.

2011-க்குப் பிறகு இந்தியா தன் மக்களை எண்ணவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்புநாள். முன்பு எங்கே வசித்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்ற கேள்விகளைக் கணக்கெடுப்பு நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. ஆனால் திருப்பூரின் லைன் வீட்டில் இப்படி வந்தவர்கள் பத்துப் பேர் ஒரே அறையில் ஷிப்ட் மாற்றிப் படுக்கிறார்கள். அந்தக் கதவைப் பகலில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். கணக்கெடுப்பவர் இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் இன்னொரு முறை போக வேண்டும், கூடவே இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவரும் போக வேண்டும்.